குதிகாலில் இடிக்கும் பை

சின்ன முதலாளி போன வாரம் வீட்டுக்கு வந்தார். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் ஒருநாள் வந்து என் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். இரண்டு பேர் சேர்ந்தாற்போல் என் முகத்தைப் பார்த்தாலே எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும். பேச வராது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். பத்தாவது வரை படித்தவள் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக. திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நீங்கள் இப்போது வேலை பார்க்கும் அதே கடையில், பின்பக்க மெஷினில் உட்கார்ந்து சீட் கவரும் வண்டிப் பையும் தைத்தவள் நான். தோள்பட்டை மக்கர் பண்ணியதால் நின்றுவிட்டேன். கடைக்கு வருகிறவர்களுக்கு என் முதுகுதான் தெரியும். எனக்கு அவர்கள் குரல் மட்டும் கேட்கும். அப்படிக் கேட்டே நம் தொழிலைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்துவிட்டது. நல்ல அபிப்பிராயம் இல்லை.

ஒன்று கேட்கிறேன். ஒருவர் வண்டியோடு வந்து நின்று, இந்தப் பை இதற்கு ஆகுமா என்று கேட்டால் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்? முதலில் அவர் சட்டையைப் பார்ப்பீர்கள், வாங்குகிற ஆளா என்று. அப்புறம் உங்கள் செல்போனைப் பார்ப்பீர்கள். அப்புறம் ஆகும் என்று சொல்வீர்கள். வண்டியைப் பார்த்தவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

பையின் அட்டையில் ‘எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும்’ என்று அச்சடித்திருக்கிறதாம். அச்சடித்தவன் திண்டிவனத்துக்கு வந்திருக்கிறானா? எல்லோருக்கும் பொருந்துகிற துணி என்று ஒன்று உண்டென்றால் அது போர்வை. அதிலும் கால் வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அஞ்சலையின் சைக்கிள் கதையைச் சொல்கிறேன். அது ஒன்று போதும்.

அஞ்சலை ஒலக்கூர் பக்கத்துப் பெண். என்னைவிடச் சின்னவள், ஆனால் பேச்சில் என்னைப் போல நாலு பேரை விற்றுவிடுவாள். பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டில் ரொட்டி சுடும் வேலை பார்த்தாள். அந்த அம்மா ஊரைக் காலி செய்துகொண்டு தன் நாட்டுக்குப் போகும்போது தன்னுடைய எலக்ட்ரிக் சைக்கிளை இவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. மிதித்தால் மோட்டார் கூடவே தள்ளும், அந்த மாதிரி சைக்கிள். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். அஞ்சலை அதோடு தன் தாய் வீட்டுக்கே திரும்பி வந்து, சொந்தமாகக் கேப்பை ரொட்டி சுட ஆரம்பித்தாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்து சூடம் காட்டி முடிப்பதற்குள் அவள் வாசலில் நின்றாள். திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் தினமும் அவளிடம் ரொட்டி எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து காலை டீக்கு முன்னால் வந்து சேர வேண்டும். நசுங்கி வந்தாலோ, நேரத்துக்கு வராவிட்டாலோ, ஏற்கெனவே ரொட்டி தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பாண்டிச்சேரிக்காரனுக்கு ஆர்டரைக் கொடுத்துவிடுவார்களாம். இவள் ஒரு தடவை ரொட்டிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாள். ரொட்டி அப்பளமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பின்னால் கேரியரின் மேலே கட்டலாம் என்றால் அங்கே பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. சார்ஜ் போட அதை மேல் பக்கமாகத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். அதனால் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி ஒரு ஜோடிப் பை வேண்டும். இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். எனக்கு முதுகுப் பக்கமாகக் கேட்டது.

கவுன்டரில் இருந்தவன் ஏழுமலை. அவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது செங்கல்பட்டில் யாருக்கோ ஆகும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். எழுந்து வெளியே வரவில்லை. கழுத்தை மட்டும் நீட்டினான்.

“ஆவும்மா. ஜம்முனு ஆவும்.”

இங்கே நம் தொழிலின் ஒரு வியாதியைச் சொல்ல வேண்டும். போணி. காலையில் முதலில் வருகிற ஆள் வெறுங்கையோடு போகக் கூடாது. போனால் அன்றைக்குக் கடை படுத்துவிடும். போணிக் காசைத் திருப்பிக் கொடுத்தால் அந்த வாரமே படுத்துவிடும். இது நம் பெரிய முதலாளியின் வேதம். உங்களில் பாதிப் பேரும் இதை நம்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். விளைவு என்ன? பத்து மணிக்கு மேல் வருகிறவனிடமாவது சில சமயம் உண்மையைச் சொல்வோம். காலையில் முதலில் வருகிறவனுக்கு அந்த பாக்கியமே கிடையாது. அவன் கேட்பது நிலாவுக்குப் போகிற சக்கரமாக இருந்தாலும் நம்மிடம் ஸ்டாக் இருக்கும்.

அஞ்சலை போணி. பெரிய முதலாளி அவளிடம் முன்பணம் என்று கொஞ்சம் வாங்கி, கண்ணில் ஒற்றி, கல்லாவில் போட்டுவிட்டார். அதற்கு அப்புறம்தான் ஏழுமலை பையை எடுத்துக்கொண்டு சைக்கிளிடம் போனான். வரிசையைக் கவனியுங்கள். காசு முதலில், வண்டி அப்புறம்.

பை ஆகவில்லை. வெள்ளைக்கார நாட்டுக் கேரியரின் குழாய் நம் ஊர்க் கம்பியைவிடப் பருமன். பையின் கொக்கி அதைக் கவ்வாமல் மேலேயே உட்கார்ந்தது. உடனே ஏழுமலை டியூப் ரப்பரை எடுத்தான். பழைய டியூபை நாடா நாடாவாகக் கிழித்து வைத்திருப்போமே, அது. நம் ஊரில் டியூப் ரப்பரால் கட்ட முடியாத பொருள் கிடையாது. ஐயர் சம்மதித்தால் தாலிக்குப் பதிலாக அதையே கட்டிவிடுவார்கள். ஏழுமலை இழுத்துக் கட்டி, பையைத் தட்டிக் காட்டி, மலை மாதிரி நிற்கிறது என்றான். அஞ்சலை சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கிக் கொஞ்ச தூரம் தள்ளினாள். மலை சரிந்து சக்கரத்தின் கம்பிகளில் உரசியது.

அவள் காசைத் திருப்பிக் கேட்டாள். நியாயம்தான். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருடைய பயத்தில்தான் அன்றைக்கு நடந்தது எல்லாம் நடந்தது. விழுப்புரத்தில் மொத்த வியாபாரக் கடைகள் இருக்கின்றன, எந்தக் கொக்கியில் வேண்டுமானாலும் பை கிடைக்கும், பிடித்ததை என் கணக்கில் எடுத்துக்கொண்டு வா, ஆனால் போணியை மட்டும் திருப்பிக் கேட்காதே என்று அவளிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார். கடை ஆள் ஒருவர் கூடப் போனால்தான் கணக்கில் கொடுப்பார்கள். ஏழுமலை போனால் கவுன்டருக்கு ஆள் இல்லை. தேவகி, நீ போயிட்டு வா என்றார்.

அளவு எப்படிக் கொண்டுபோவது? போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள் என்றான் ஏழுமலை. அஞ்சலை அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஸ்பேனரைத் தேடப் போய்விட்டான். கேரியரையே கழற்றிக் கொடுத்தான். பேட்டரியும் சைக்கிளும் கடையில். கேரியர் எங்கள் மடியில். பெரிய யோசனை செய்துவிட்டதாக எங்களுக்குள் ஒரே பெருமை.

பஸ்ஸில் கண்டக்டர் வந்து அதைத் தடவிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, ஏணியா?”

“சைக்கிள் கேரியருங்க” என்றாள் அஞ்சலை.

“சைக்கிளு?”

“அது திண்டிவனத்துல கீது.”

“கேரியர மின்ன அனுப்பிட்டு சைக்கிளு பின்னால வருதா? நல்லா கீதும்மா உங்க ஊர்வலம்.”

பஸ்ஸே சிரித்தது. எனக்கு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போல இருந்தது. அஞ்சலை, லக்கேஜ் டிக்கெட்டு போடுறதா இருந்தா ஏணிக்குப் போடுங்க, கேரியருக்குப் போடாதீங்க என்று சொல்லி அவரையும் சிரிக்க வைத்தாள். விழுப்புரம் வரைக்கும் ரொட்டியைப் பற்றித்தான் பேசினாள். கேப்பை மாவு ஒட்டாது, உதிரும். அதை ரொட்டியாக நிற்க வைக்க அந்த வெள்ளைக்காரம்மாவுக்கே வருஷக்கணக்காகப் பிடித்ததாம். இந்தக் கேன்டீன் போனால் வேறு இடம் பார்க்கலாமே என்று நான் கேட்டேன். திண்டிவனத்தில் கேப்பையைக் கூழாக்கினால் குடிப்பார்கள், ரொட்டியாக்கினால் யார் வாங்குவார்கள், சர்க்கரை நோயாளி நூறு பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது ஆஸ்பத்திரியில்தான் என்றாள். பாண்டிச்சேரிக்காரன் ஒருதடவை உள்ளே போய்விட்டால் அப்புறம் அந்த வாசல் தனக்குத் திறக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

விழுப்புரத்தில் முதல் கடை. கேரியரைக் கவுன்டர் மேல் வைத்தேன். அங்கே இருந்தவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எந்த வண்டி என்றார். அஞ்சலை சொன்னாள். மாடல் தெரியாது, போட்டோ இருந்தா வாட்ஸப்ல அனுப்புங்க, பாத்துட்டு சொல்றோம் என்றார். கேரியர் அவர் முழங்கையில் இடித்துக்கொண்டு இருக்கிறது. அதன் போட்டோவை அனுப்ப வேண்டுமாம். பொருள் கண் முன்னால் இருந்தால் நம்ப மாட்டார்கள், திரையில் வந்தால் நம்புவார்கள். உங்களைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது கடையில் பெரிய மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற தோல் பையைக் கொண்டுவந்து கேரியர் மேல் போர்த்தினார்கள். இரண்டு பக்கமும் குஞ்சம் தொங்கியது. கேரியர் கண்ணுக்கே தெரியவில்லை. பொருந்திவிட்டது என்றார்கள். இதை மாட்டினால் சைக்கிள் எங்கே இருக்கிறது என்று நானே தேட வேண்டும் என்றாள் அஞ்சலை. மூன்றாவது கடையில் கொக்கியைச் சுத்தியலால் தட்டி அகலப்படுத்தித் தருவதாகச் சொன்னார்கள். தட்டினார்கள். உடைந்தது. அட்டையில் பொருந்தும் என்று போட்டிருக்கே என்று அட்டையைத் திட்டினார்கள்.

நான்காவது கடையில் புருஷன் சாப்பிடப் போயிருக்க, ஒரு அம்மா உட்கார்ந்திருந்தது. உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு ஜோடி சாம்பல் நிறப் பையை எடுத்துவந்தது. கொக்கி அகலம். உள்ளே ரப்பர் பூச்சு, கீழே ஒரு பூட்டு. கேரியரின் குழாயில் வைத்தவுடன் இடுப்பில் ஏறிய குழந்தை மாதிரி கவ்விக்கொண்டது. ஆட்டினோம், குலுக்கினோம், தலைகீழாகப் பிடித்தோம். விழவில்லை. அந்த அம்மா, கொண்டும்போய் மாட்டிப் பாருங்க, ஆவலன்னா கொண்டாந்து குடுங்க, வாங்கிக்கிறேன், புதுசாவே இருக்கணும், அவ்ளோதான் என்றது. அன்றைக்குப் பார்த்த ஆட்களில் ஆகும் என்று சொல்லாத ஒரே ஆள். நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. எங்களுக்கு ஆகிவிட்டது.

திண்டிவனத்துக்குத் திரும்பும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. ஏழுமலை கேரியரைத் திரும்பப் பூட்டி, பையை மாட்டினான். பார்க்க அப்படி ஒரு லட்சணம். பக்கத்து டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். முதலாளி, அவ்ளோதான், போணி என்னிக்கும் கைவிடாது என்றார். அஞ்சலை ஏறி உட்கார்ந்து மிதித்தாள்.

பொத். பொத். பொத்.

ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடித்தது. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் செருப்பு கழன்றுவிட்டது.

இது ஏன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பை செய்கிறவன் ஷூ போட்டுக்கொண்டு முன்னங்காலால் மிதிக்கிற ஆளை நினைத்துச் செய்கிறான். நம் ஊரில் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நடுக்காலால் மிதிப்பார்கள். குதிகால் பின்னால் தள்ளி நிற்கும், செருப்பின் வால் அதையும் தாண்டி நிற்கும். நாங்கள் விழுப்புரம் வரை கேரியரைத் தூக்கிக்கொண்டு போனோம். கால் அஞ்சலையிடம்தான் இருந்தது. அதை யாரும் பைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

இனிமேல் நடந்ததுதான் நீங்கள் தினமும் செய்வது. பையில் தப்பு இல்லை. வண்டியில் தப்பு இல்லை. அதனால் தப்பு அஞ்சலையின் காலில். முன்னங்காலால மிதிம்மா, பழகிடும் என்றான் ஏழுமலை. செருப்பைக் கழற்றிவிட்டு மிதிக்கச் சொன்னார் டீக்கடைக்காரர். அவர் கடைக்கு முன்னால் கொட்டியிருந்த கருங்கல் ஜல்லி அவருக்கு ஞாபகம் இல்லை போல. மூன்றாவதாக ஒருவர், யாரென்றே தெரியாது, கால் எப்பவும் இவ்வளவு நீட்டமா என்று கேட்டார். சீட்டை ஏற்று என்றார்கள், ஏற்றினார்கள். குதிகால் இடிப்பது குறைந்தது. ஆனால் நிறுத்தும்போது கால் தரையில் எட்டாமல் சைக்கிளோடு முதலாளி மேலேயே சாய்ந்தாள். சீட்டை இறக்கினார்கள். பையைப் பின்னால் தள்ளினார்கள். வால் மாதிரி ஆடியது. ஏழுமலையின் கை டியூப் ரப்பரைத் தேடியது.

ஒரு பெண் பிழைப்புக்காகப் பை கேட்டு வந்தால், அவள் நடையை மாற்று, காலை மாற்று, செருப்பை மாற்று என்று ஐந்து ஆண்கள் சேர்ந்து சொல்கிறார்கள். பையை மாற்றலாம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. பை அச்சுப் போட்ட பொருளாயிற்றே. அதற்கு மரியாதை உண்டு.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. போணிக் காசு கல்லாவில் அவரைச் சுட்டுக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பினார்.

“தேவகி, நீ சொல்லும்மா. பொம்பளைக்குப் பொம்பள சொன்னா நம்பும். ரெண்டு நாள்ல பழகிடும் இல்ல?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடையில் அத்தனை வருஷத்தில் வாடிக்கையாளர் முன்னால் நான் வாய் திறந்தது கிடையாது. அஞ்சலையும் என்னைப் பார்த்தாள். விடியற்காலையில் லாரிகள் பறக்கிற ரோட்டில், இரண்டு பக்கமும் ரொட்டியோடு, மிதிக்கு மிதி காலில் இடிக்கிற பையோடு அவள் வருவதை நினைத்தேன். செருப்பு கழன்றால் குனிந்து பார்ப்பாள். ஒரு நொடி பார்த்தால் போதும்.

“ஆவாது” என்றேன்.

எனக்கே என் குரல் கேட்டதா என்று சந்தேகம். முதலாளிக்குக் கேட்டுவிட்டது. இன்னா ஆவாது என்றார். இந்தப் பை இந்தம்மாவுக்கு ஆவாதுங்க என்று முழுசாகச் சொன்னேன். முதலாளி, உன்ன விழுப்புரம் அனுப்பி வெச்சதே தப்பு, பேஜாரு பண்றியே என்றார். ஏழுமலை என்னைப் பார்த்துச் சிரித்தான். அக்கா பேசுதுடா என்று டீக்கடைப் பக்கம் பார்த்துச் சொன்னான்.

அஞ்சலை யாரையும் கவனிக்கவில்லை. சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப் பையின் முன் மூலையில் அவள் செருப்பின் புழுதி பிறை மாதிரி ஒட்டியிருந்தது. விரலால் அதைச் சுற்றி ஒரு கோடு இழுத்தாள்.

“இந்த மூலைலதான இடிக்குது. இத வெட்டிட்டா?”

முதலாளி பதறிவிட்டார். வெட்டினால் விழுப்புரத்தில் திருப்பி எடுக்க மாட்டார்கள். மூலை இல்லாத பையை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. உள்ளே அட்டை இருக்கிறது, வெட்டினால் மொத்தமும் தொளதொள என்று ஆகிவிடலாம். இது எல்லாம் உண்மைதான். அன்றைக்கு அவர் சொன்னதில் உண்மையான பேச்சு அது ஒன்றுதான்.

“வெட்னா நிக்குமாக்கா?” என்று அஞ்சலை என்னிடம் கேட்டாள்.

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நிக்கும் என்று சொல்ல ஆசையாக இருந்தது. அவள் முகம் அப்படி இருந்தது. ஏழுமலை எப்படி ‘ஆகும்’ என்று சொல்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எதிரில் நிற்கிற ஆள் அந்த வார்த்தைக்காக ஏங்கும்போது அது தானாக வாயில் வந்துவிடுகிறது. ஆனால் எனக்குத் தெரியாது. நான் சீட் கவர் வெட்டியிருக்கிறேன், இந்த மாதிரிப் பையை வெட்டியது கிடையாது. வெட்டினது நிற்காமல் போனால் திங்கட்கிழமையும் போச்சு, திருப்பிக் கொடுக்கிற வழியும் போச்சு. வெட்டாவிட்டால் திங்கட்கிழமை எப்படியும் போச்சு.

“எனக்குத் தெரியலம்மா. வெட்டிப் பாத்தாதான் தெரியும். கெட்டுப்போனா போனதுதான்.”

அவள் அந்தக் கோட்டை விரலால் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் கழுத்தை நிமிர்த்தி முதலாளியிடம், பையை நான் வாங்கிட்டேன் சார், இனிமே என் பை, கெட்டா என்னோட போவட்டும் என்றாள். அவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? போணி நிலைத்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டார். போகும்போது, ஜல்தியா முடிங்க, கடைய சாத்தணும் என்றார்.

அவளைச் சைக்கிளில் உட்கார வைத்தேன். ஏழுமலையைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவன் பிடித்தான், அதற்கு நான் நன்றி சொல்கிறேன். அவள் மெதுவாகப் பெடலைச் சுற்ற, நான் தரையில் உட்கார்ந்து, குதிகால் எங்கெங்கே வருகிறதோ அங்கே எல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வைத்தேன். அவள் எப்படி மிதிப்பாளோ அப்படியே மிதிக்கச் சொன்னேன். ஒழுங்காக மிதிக்க முயற்சி செய்தாள், அதட்டினேன். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் வெட்கம் வந்தது.

கத்திரி வைக்கும்போது மட்டும் கை நின்றது. புதுப் பொருளை வெட்டுகிற சத்தம் ஒரு மாதிரி. அஞ்சலை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முன் மூலை போய், கீழ்ப்பக்கம் சாய்வாக ஆனது. உள் அட்டையையும் அதே சாய்வில் அறுத்து, சீட் நூலால் மெஷினில் இரண்டு ஓட்டு ஓட்டினேன். இரண்டாவது பைக்கு மறுபடியும் அவளை உட்கார வைத்தேன். வலது காலும் இடது காலும் ஒரே மாதிரி மிதிக்கும் என்று யாரும் எனக்கு உறுதி கொடுக்கவில்லை. மிதிக்கவும் இல்லை.

ரொட்டிக்கு இடம் போதுமா என்று பார்க்க, சீட் ஸ்பாஞ்சில் ரொட்டி அளவுக்குத் துண்டுகள் வெட்டிப் போட்டுப் பார்த்தோம். சாய்ந்த பக்கத்தில் ரொட்டி உட்காரவில்லை. வெட்டினால் அதற்கு ஒரு விலை உண்டு, அதையும் அவளிடம் காட்டிவிட வேண்டும். அஞ்சலை ஸ்பாஞ்சைக் கையில் வைத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டே, அந்த இடத்துக்குச் சின்ன பன்னு சுட்டுக்கறேன் என்றாள்.

பிறகு ஏறி மிதித்தாள். சத்தம் இல்லை. தெருமுனையில் திரும்பி வந்து, மறுபடியும் போய், மறுபடியும் வந்தாள். இறங்கச் சொன்னாலும் இறங்கவில்லை. டீக்கடைக்காரர், நான் அப்பவே சொன்னேன் என்றார். அவர் எப்போது என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இதற்கு அப்புறம் ஏழுமலை என்ன செய்தான் தெரியுமா? என்னிடம் அதே மாதிரி நாலு ஜோடி வெட்டித் தரச் சொல்லி, கடை முன்னால் தொங்கவிட்டு, எலக்ட்ரிக் சைக்கிள் பை, எல்லார் காலுக்கும் ஆகும் என்று விற்க ஆரம்பித்தான். அஞ்சலையின் கால் அளவுக்கு வெட்டிய பை, ஊரில் இருக்கிற எல்லார் காலுக்கும். இரண்டு ஜோடி திரும்பி வந்தது. அவனுக்கு வருத்தம் இல்லை. வாங்கினவர்கள் காலில்தான் கோளாறு என்றான். நீங்களும் அப்படித்தான் ஆவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனாலும் எழுதி வைக்கிறேன். ஆளை வண்டியில் உட்கார வைக்காமல், அவர் எப்போதும் மிதிக்கிற மாதிரி மிதிக்க வைக்காமல், வாயைத் திறக்காதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையைச் சொன்னதால் கடை படுத்ததாக நான் கேள்விப்பட்டது இல்லை.

திங்கட்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன்.

அன்றைக்குக் காலையில் எனக்கு ஆஸ்பத்திரியில் எந்த வேலையும் கிடையாது. இருந்தாலும் போனேன். கேன்டீன் வெளியில் நோயாளிகளோடு வந்தவர்கள் கூட்டமாக நின்றார்கள். நானும் ஒரு டீ வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன். அஞ்சலை வந்தாள். அவசரப்படவில்லை, நடுக்காலாலேயே மிதித்துக்கொண்டு வந்தாள். சேலை முழங்கால் வரை ஈரம், ஊர்ப் பக்கம் தூறல் போல. பையைத் திறந்து ரொட்டிகளை ஒவ்வொன்றாக மேஜை மேல் அடுக்கினாள். கேன்டீன்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முனைகளைப் பார்த்தார். விரலால் அமுக்கினார், அது திரும்ப எழுந்தது. இது இன்னா புதுசா என்று பன்னைக் காட்டிக் கேட்டார்.

“அது இடத்துக்குத் தக்க சுட்டது, சார்.”

அவர் பிய்த்து வாயில் போட்டு மென்றார். மெல்லும்போதே உள்ளே திரும்பி யாரிடமோ, பாண்டிச்சேரிக்காரனுக்கு போன் போட வேணாம் என்றார். அஞ்சலையிடம், நாளைக்கு இந்தச் சின்னது இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொண்டா என்றார்.

அவள் சரிங்க என்றாள். காலிப் பையை மூடினாள். மூடியின் கொக்கி இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை விழுந்தது. என்னை அவள் பார்க்கவில்லை. நானும் போய் நிற்கவில்லை.

அந்தக் கேன்டீன் டீயை மனுஷன் வாயில் வைக்க முடியாது. கழுநீர். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.